வெள்ளம் வடிந்த பிறகு வந்த வறட்சி

என் வேதாகமத்தில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை ஓடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் வீட்டுக்குள் வந்த தாமிரபரணித் தண்ணீர் விட்டுப்போன கறை அது. அலமாரியின் கீழ்த்தட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். தண்ணீர் அந்தத் தட்டை எட்டியதோடு நின்றுவிட்டது. கல்யாணத்தன்று அப்பா கையில் கொடுத்த வேதாகமம் என்பதால் தூரப் போட மனம் வரவில்லை. மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தேன். காய்ந்தபின் உப்பிப்போய், மூடினால் மூடாது. இப்போதும் ஒரு ரப்பர் பேண்டு போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

நான் எழுத வந்தது வெள்ளத்தைப் பற்றி அல்ல. வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் கழித்து ஜெபம் வற்றி எனக்குள் வந்த வறட்சியைப் பற்றி. வெள்ளத்தைப் பற்றிச் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். வறட்சியைப் பற்றி இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. என்னைப்போல் இதைச் சொல்லாமலே ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்காகத்தான் இது.

ஆனாலும் வெள்ளத்தில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் பஜாரில் சிறிய ஜவுளிக்கடை. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் சேர்த்து ஈரோட்டிலும் மதுரையிலும் கடனுக்குச் சரக்கு எடுத்து அடுக்கியிருந்தோம். 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்து ஆராதனை. மழைச் சத்தத்தில் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்று பிற்பாடு தெரிந்தது. செம்மணல் தேரிக்காடும் பனையும் வறண்ட குளங்களுமாக இருக்கும் எங்கள் பக்கத்தில் மழைக்காக உபவாசம் இருந்துதான் எங்களுக்குப் பழக்கம். அன்றைக்கு மழை நிற்கவேண்டும் என்று ஜெபித்தோம்.

நாலாம் நாள்தான் கடைக்குப் போக முடிந்தது. ஷட்டரைத் தூக்கினால் சேறு. தலைக்கு மேலே தண்ணீர் நின்ற தடம் சுவரில் கோடு போட்டிருந்தது. அடுக்கியிருந்த சேலைக் கட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களிமண் பாளம்போல் கிடந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு கட்டை எடுத்துப் பிழிந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவ்வளவுதான்.

அந்த வாரங்களில் தேவன் எங்களுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். ஆலயத்துப் பொது விருந்தான அசனத்துக்கு மட்டும் வெளியே எடுக்கும் கிடாரங்களை ஆலயத்து ஆட்கள் எடுத்து அடுப்பில் ஏற்றினார்கள். யார் எந்தச் சபை, எந்தக் கோயில் என்று பார்க்காமல் ஊர் முழுக்கச் சோறு போனது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சுற்றிலும் தண்ணீரில் நின்றதையும், பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டதையும் நீங்களும் படித்திருப்பீர்கள். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் பன்னிரண்டு பேர் வந்து, தேறும் துணிகளை எல்லாம் பிரித்து எடுத்தார்கள். எந்த ஆறு கெடுத்ததோ அதே ஆற்றில் கொண்டுபோய்த்தான் துவைத்தோம். கறை போகாத துணிகளை நான் உள்பாவாடையும் தலையணை உறையுமாகத் தைத்தேன்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

அப்புறம் லெந்து காலம் (தவக்காலம்) வந்தது.

2024-ல் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14. அன்றுமுதல் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஜெபிக்க வேண்டும் என்று ஒரு பொருத்தனை (நேர்ச்சை). எழுந்தேன். முழங்கால் போட்டேன். வாயைத் திறந்தால் வார்த்தை வருகிறது, ஆனால் பேசுகிறவள் நான் இல்லை என்பதுபோல ஒரு உணர்வு. துக்கம் இல்லை, கோபமும் இல்லை. கோபம் இருந்தால்கூட யாரோடாவது பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற தெம்பு இருக்கும். மின்விசிறிச் சத்தம் கேட்கும். பால்காரர் சைக்கிள் மணி கேட்கும். வேதாகமத்தைத் திறந்தால் கண் வரிகளின்மேல் ஓடும், அடுத்த பக்கம் திருப்புவேன், என்ன வாசித்தேன் என்று கேட்டால் தெரியாது. வெள்ளத்தின்போது எந்தச் சங்கீதத்தைச் சொல்லிச் சொல்லி அழுதேனோ, அதே சங்கீதம் துணிக்கடை ரசீதுபோல இருந்தது.

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உயிர்த்த ஞாயிறு வந்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன், பாமாலை எடுத்துப் பாடினேன். ஒன்றும் அசையவில்லை. ஜூன் வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. செப்டம்பர் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை என்றேனே, அந்த நாட்களில் ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னேன். பெயர் வேண்டாம். நல்ல ஜெப வாழ்க்கை உள்ளவர் என்று நாங்கள் எல்லாரும் மதிக்கிறவர். அவர் உடனே, "மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு சோதிச்சுப் பாரும்மா" என்றார். நானும் இரண்டு மாதம் சோதித்தேன். பாவம் இல்லாமலா இருக்கும், கண்டுபிடித்ததை எல்லாம் அறிக்கை செய்தேன். வறட்சி அப்படியே இருந்தது. அவர்மேல் இப்போது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வறண்டு கிடக்கும் ஒருவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லக்கூடாது என்று மட்டும் நினைக்கிறேன். தண்ணீர் கேட்டு வந்தவளைக் கிணறு வெட்ட அனுப்பியதுபோல இருந்தது.

இந்த நேரத்தில் எங்களுக்குச் சாப்பாடு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும்.

காப்பீடு கிடைக்கவில்லை. எங்கள் பாலிசியில் வெள்ளம் சேராது என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. அரசு எங்கள் வட்டத்துக்கு அறிவித்த 6000 ரூபாயை ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கினோம். மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது நாலரை லட்சம். ஈரோட்டு வியாபாரி ஒருவர் மட்டும், "முடியும்போது குடுங்க, அடுத்த சரக்கு நான் அனுப்புறேன்" என்றார். அவர் விபூதி பூசுகிறவர். இன்னொருவர் வாரம் தவறாமல் போன் செய்தார். நான் தைத்தேன், என் வீட்டுக்காரர் துணிமூட்டையைப் பைக்கில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

எல்லாக் கணக்கையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். எங்கள் மகளுடைய பழைய கணக்கு நோட்டு, பின்பக்கமிருந்து. அக்டோபரில் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் அந்த நோட்டை முதலில் இருந்து பார்த்தேன். மார்ச்: வரவு 11,400, செலவு 11,250. ஏப்ரல்: மகனுக்கு மஞ்சள் காமாலை, செலவு அதிகம், அந்த மாதம்தான் ஒரு கல்யாண வீட்டுக்காரர் நாற்பது பாவாடை ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஜூன்: பள்ளிக் கட்டணம், அண்ணன் அனுப்பியது 8,000. ஒரு மாதமாவது மிச்சம் என்று சொல்லும்படி ஒன்று நிற்குமா என்று தேடினேன். இல்லை. ஒரு மாதமாவது முடியாமல் போனதா என்று தேடினேன். அதுவும் இல்லை.

இதைப் பார்த்ததும் என் உள்ளம் பொங்கியது என்று எழுதலாம். பொங்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். ஆனால் படுத்தபிறகு யாத்திராகமம் பதினாறாம் அதிகாரம் மனசில் வந்தது. வனாந்தரத்தில் தேவன் இஸ்ரவேலருக்குக் கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தை ஓமரால் அளந்தபோது, "மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை" என்று இருக்கிறதே, அது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். ஓமர் என்றால் நம் கணக்கில் 2 லிட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய. ஆளுக்கு ஒரு ஓமர், ஒரு நாளைக்கு. நாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழுத்து நாறும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகக் கிடைக்கும், அது மட்டும் நாறாது.

நான் வெள்ளத்தின் நாட்களில் கிடைத்ததை எடுத்து வைக்கப் பார்த்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. ஜனவரியில் இருந்த அந்த உருக்கம், அந்த நெருக்கம், அதை மார்ச்சிலும் திறந்து பார்த்தேன். காணோம் என்றதும் தேவனே போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். அது டிசம்பருக்கு உரிய மன்னா. டிசம்பரில் அது இல்லாமல் நாங்கள் எழுந்து நின்றிருக்க மாட்டோம். மார்ச்சுக்கு உரியது வேறு மாதிரி இருந்தது, நான் அதை மன்னா என்று கண்டுகொள்ளவில்லை. இஸ்ரவேலரும் கண்டுகொள்ளவில்லையே. முதல் நாள் காலையில் தரையில் கிடந்ததைப் பார்த்து ஒருவரையொருவர் "இது என்ன" என்று கேட்டார்கள், அந்தக் கேள்வியோடு ஒட்டியதுதான் மன்னா என்ற பெயர்.

சரி, மார்ச்சுக்கு உரியது எது?

என் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, எண்பது வயது நெருங்குகிறது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். இளவயதில் மாமா பனை ஏறியபோது இவர்கள்தான் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். ராத்திரி குடும்ப ஜெபத்தில் முன்பெல்லாம் நான்தான் ஜெபிப்பேன். நீளமாக, வசனம் எல்லாம் சொல்லி. அந்த லெந்து காலத்தில் என்னால் முடியவில்லை. தொண்டை சரியில்லை என்று முதல் நாள் சொன்னேன். அத்தை ஜெபித்தார்கள். அடுத்த நாளும் அவர்களே. அப்படியே அது அவர்கள் பொறுப்பாகிவிட்டது.

அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஜெபம். "எங்கப்பா, இன்னைக்கு எங்கள நடத்துனீரு, ஸ்தோத்திரம். நாளைக்கும் நீரே பாத்துக்கிடும். பிள்ளைகளக் காத்துக்கிடும். ஆமென்." ஒரு வார்த்தை கூடாது, குறையாது. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு இழந்திருக்கிறோம், கடன் இருக்கிறது, மகன் ப்ளஸ் டூ, இதையெல்லாம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாமா என்று இருக்கும். ஆனால் நான்தான் கேட்க முடியாதவளாக இருந்தேனே. கண்ணை மூடி உட்கார்ந்து, கடைசியில் ஆமென் மட்டும் சொல்வேன். அந்த ஏழெட்டு மாதங்களில் நான் உண்மையாகச் சொன்ன ஒரே ஜெபம் அந்த ஆமென்தான்.

அக்டோபரில் அந்த நோட்டைப் பார்த்தபிறகுதான் இதை எண்ணிப் பார்த்தேன். இருநூறுக்கும் மேற்பட்ட ராத்திரிகள். ஒரு ராத்திரியும் எங்கள் வீட்டில் ஜெபம் இல்லாமல் விளக்கு அணையவில்லை. என் பானையில் ஒன்றும் இல்லாதபோது அத்தையின் பானையில் இருந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆலயத்திலும் அப்படியேதான். எங்கள் ஆராதனை முறைமையை, "எப்பப் பார்த்தாலும் அதே புத்தகம், ஆவியானவருக்கு இடமே இல்லை" என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். சொந்த வார்த்தை வற்றிப்போனவளுக்கு அந்தப் புத்தகத்து வார்த்தை என்ன என்பது எனக்கு இப்போது தெரியும். பக்கத்தில் நிற்கிறவர் சத்தமாகச் சொல்வார், என் உதடு அவரோடு அசையும். கர்த்தருடைய ஜெபத்தைச் சின்ன வயதில் இருந்து எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! அதில் "எனக்கு" என்ற வார்த்தையே இல்லை என்பதை அந்த வருஷம்தான் கவனித்தேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." நான் கேட்க முடியாத நாளிலும் அந்த "எங்களுக்கு" என்பதற்குள் என்னை வைத்து யாரோ கேட்டிருக்கிறார்கள். ஏதோ ஊரில், ஏதோ ஆலயத்தில், என்னை அறியாத ஒருவர்.

தீர்க்கதரிசி எலியாவின் கதையும் எனக்கு அப்போதுதான் வேறு மாதிரித் திறந்தது. கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்ததைத்தான் எல்லாரும் பிரசங்கிப்பார்கள். அதற்கு அடுத்தாற்போல் ஒரு வசனம் வருகிறது: "தேசத்தில் மழை பெய்யாதபடியினால், சில நாளுக்குப்பின்பு அந்த ஆறு வற்றிப்போயிற்று." தேவன் போகச் சொன்ன ஆறு, தேவன் போஷித்த இடம், அதுவே வற்றுகிறது. எலியா எந்தப் பாவமும் செய்ததாக அங்கே எழுதியில்லை. சாறிபாத் என்ற ஊருக்குப் போ என்ற வார்த்தை ஆறு வற்றியபிறகுதான் வருகிறது, அதற்கு முன்னால் இல்லை. தண்ணீர் நாளுக்கு நாள் குறைவதை அந்த மனுஷன் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். சாறிபாத்திலும் எலியாவைப் போஷித்த விதவையின் பானை நிரம்பி வழிந்தது என்று வேதம் சொல்லவில்லை. மா செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் பானைக்குள் கையை விடும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். என் நோட்டுக்கணக்கு மாதிரித்தான்.

நவம்பரில் ஐக்கிய சங்கத்தில் இருந்து திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூருக்குப் போனோம். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் மிஷனரியாக இந்தியா வந்தவர், திரும்பித் தன் நாட்டுக்குப் போகவே இல்லை. 1901-ல் தொடங்கி எத்தனையோ பிள்ளைகளை அங்கே வளர்த்தார். பணம் வேண்டும் என்று மனுஷரிடம் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும் வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையிலும் அறையிலுமே இருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கல்லறைமேல் பெயர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அங்கே பறவைகள் குடிக்கக் குளிக்க ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போனார்கள். நான் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை. ஆனால் நிற்க வேண்டும் என்று இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒன்றைச் செய்ய வேண்டும் என்று உள்ளுக்குள் தோன்றியது அதுதான் முதல் தடவை.

தூத்துக்குடியில் ஒரு தோழி, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) சபையைச் சேர்ந்தவள். அவளிடம் இதைச் சொன்னபோது அன்னை தெரேசாவின் கடிதங்களைப் பற்றிச் சொன்னாள். 2007-ல் புத்தகமாக வந்தவை. பல பத்து வருஷங்கள் அவர் உள்ளுக்குள் இருட்டையும் வெறுமையையும் அனுபவித்தார் என்று அவற்றில் இருக்கிறது. அத்தனை வருஷமும் கொல்கத்தாவில் சாகிறவர்களைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். "உனக்கு ஒன்பது மாசம்தானே" என்று அவள் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. எங்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கடன் இன்னும் ஒன்றே முக்கால் லட்சம் நிற்கிறது. மகன் சென்னையில் படிக்க ஆசைப்பட்டான், முடியவில்லை, பஸ்ஸில் போய்வருகிற கல்லூரியில்தான் சேர்த்தோம். இதையெல்லாம்விட, எங்கள் தெருக்கோடியில் ஒரு மைனி (அண்ணி முறை) இருக்கிறார்கள். வெள்ளம் வந்த ராத்திரி அவர்கள் வீட்டுச் சுவர் விழுந்து அண்ணாச்சி இறந்துபோனார். என்னைவிட அதிகம் ஜெபிக்கிறவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்று, "தேவன் எங்களைக் குறைவில்லாமல் நடத்தினார்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு ஏன் அப்படி என்று எனக்குப் பதில் தெரியாது. சங்கீதம் 88-ஐ நீங்கள் வாசித்துப் பாருங்கள், கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே வராது. அதையும் ஜெபம் என்று வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நான் மைனியோடு உட்கார்ந்து அதை வாசித்தேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது அவர்கள்தான் என் பையில் நாலு முருங்கைக்காய் வைத்து அனுப்பினார்கள்.

வறட்சி போய்விட்டதா என்று கேட்டால், சில நாள் போகிறது, சில நாள் இருக்கிறது. நாலரைக்கு எழுவதை விட்டுவிட்டேன், ஐந்தரைக்கு எழுகிறேன். ஒரு அதிகாரம் என்று வைத்துக்கொள்ளாமல் ஐந்தாறு வசனம் வாசிக்கிறேன். கண் ஓடினால் விரலைக் கறைக்கு மேலே வைத்து வார்த்தை வார்த்தையாக நகர்த்துகிறேன். உபாகமம் எட்டாம் அதிகாரத்தில், "இந்த நாற்பது வருஷமும் உன்மேலிருந்த வஸ்திரம் பழையதாய்ப் போகவும் இல்லை, உன் கால் வீங்கவும் இல்லை" என்று மோசே சொல்கிறார். நடந்துகொண்டிருக்கும்போது, என் கால் இன்றைக்கு வீங்கவில்லை என்று எந்த இஸ்ரவேலனாவது ஸ்தோத்திரம் பண்ணியிருப்பானா? நான் இப்போது நோட்டில் மாதக் கடைசியில் வரவு செலவுக்குக் கீழே ஒரு வரி எழுதி வைக்கிறேன். வீங்காத கால் என்று அதற்குப் பெயர். போன மாதம் எழுதியது: தையல் மிஷின் பெல்ட் அறுந்தது, எதிர்வீட்டுத் தம்பி தன் பழைய மிஷினில் இருந்து கழற்றி மாட்டிக் கொடுத்தான்.

முந்தாநாள் ராத்திரி அத்தைக்குக் காய்ச்சல். கஞ்சி குடித்துவிட்டு, குளிராக இருக்கிறது என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். ஜெப நேரம் வந்தது. மகன் பாட்டு எடுத்தான், மகள் வேதம் வாசித்தாள். அப்புறம் எல்லாரும் பேசாமல் இருந்தோம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குச் சொந்தமாக ஒன்றும் வரவில்லை. கட்டிலில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா, இன்னைக்கு எங்கள நடத்துனீரு, ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். நாளைக்கும் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் நின்றது. போர்வைக்குள்ளே இருந்து அத்தை, "நீரே பாத்துக்கிடும்" என்று எடுத்துக் கொடுத்தார்கள்.